கோயில் வாசலில் நின்று எண்ணாதீர்கள்: புலம்பெயர் தமிழரிடையே தன்மயமாதலை ஆய்வது எப்படி

அயலூரில் தமிழ் எந்த அளவுக்கு மிஞ்சியிருக்கிறது என்று ஆராயக் கிளம்புபவர் முதலில் போய் நிற்பது கோயில் வாசலில். அடுத்து தமிழ்ச் சங்கம், பிறகு தமிழ்ப் பள்ளி. மூன்று இடத்திலும் வினாத்தாளை நிரப்பித் தர ஆட்கள் தாராளமாகக் கிடைப்பார்கள். முடிவும் மனத்துக்கு இதமாக வரும்: பத்தில் எட்டுப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் தன்மயமானவர், அதாவது சுற்றியுள்ள சமூகத்தில் முழுதாகக் கரைந்துபோனவர், இந்த மூன்று இடத்துக்கும் வருவதே இல்லை. நீங்கள் அளக்க வந்த பொருளே உங்கள் மாதிரியிலிருந்து ஆளை வெளியேற்றிவிட்டது. இந்த ஓட்டையை அடைக்காமல் மேலே எத்தனை புள்ளியியல் பூசினாலும் பயனில்லை. கீழே வரும் படிகளில் முக்கியமானவை இந்த ஓட்டையைப் பற்றியவைதான். முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களையும், தங்கள் ஊர்ச் சமூகத்தைப் பற்றித் தாமே ஆவணப்படுத்த நினைப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது.

சொல்லிலிருந்து தொடங்குங்கள்

பள்ளி உயிரியலில் தன்மயமாதல் என்றால், செரித்து உறிஞ்சப்பட்ட உணவு உடலின் பகுதியாவது. கல்வி உளவியலில், சுவிஸ் உளவியலாளர் பியாஜே சொன்ன பொருளில், குழந்தை புது அனுபவத்தைத் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் மனச்சட்டகத்துக்குள் போட்டுக்கொள்வது. அனுபவத்துக்காகச் சட்டகமே மாறினால் அதை அவர் வேறு பெயரிட்டுத் தனியே வைத்தார். ஒலியியலில், பக்கத்து ஒலிக்கு ஏற்ப ஒலி மாறுவது. ‘மரம்’ என்பதோடு ‘கள்’ சேரும்போது ‘மரங்கள்’ ஆவது போல. வானிலைக் கணிப்பில், கணினி மாதிரி சொல்லும் நிலவரத்தோடு பலூனும் செயற்கைக்கோளும் தந்த அளவீடுகளைச் சேர்த்துத் திருத்துவது. ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றுக்கும் ‘அசிமிலேஷன்’ என்ற ஒரே சொல்தான். அதனால் கூகுள் ஸ்காலரில் அதை மட்டும் தட்டினால் பயிர் நைட்ரஜனை உறிஞ்சுவது பற்றிய கட்டுரைகளும் வானிலைக் கட்டுரைகளும் வந்து குவியும். குடியேற்றம், இனக்குழு, மொழிப் பெயர்வு (ஒரு மொழியை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது), தலைமுறை ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களில் ஒன்றையாவது மேற்கோள் குறிக்குள் சேர்த்துத் தேடுங்கள். நைட்ரஜன் என்ற சொல்லுக்கும், மேற்கோள் குறிக்குள் இட்ட ‘டேட்டா அசிமிலேஷன்’ என்ற தொடருக்கும் முன் கழித்தல் குறி போடுங்கள். குப்பை வெகுவாகக் குறையும்.

இந்தப் பொருள்களை ஒப்பிடும்போது ஒன்று கவனத்தில் வர வேண்டும். உயிரியலிலும் பியாஜேயிடமும் கதாநாயகர் விழுங்குபவர். சமூகவியலில் கேள்வி விழுங்கப்படுபவரைப் பற்றியது. யார் எதை விழுங்குகிறார்கள், விருப்பத்தோடா, வற்புறுத்தலாலா என்று ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே தெளிவாக வேண்டும். இதற்குத் தமிழ் இலக்கணமே கைகொடுக்கிறது: தன்மயமாதல் தன்வினை, தன்மயமாக்கல் பிறவினை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1879 முதல் 1918 வரை நடந்த கார்லைல் உறைவிடப் பள்ளி, பூர்வகுடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசுவதைத் தடுத்தது. அது ஆக்கல். சிங்கப்பூரில் ஒரு தம்பதி பிள்ளையோடு ஆங்கிலத்தில் பேச முடிவெடுப்பது ஆதல், அல்லது அப்படித் தோன்றுவது. பள்ளியும் வேலைச் சந்தையும் பின்னாலிருந்து தள்ளுகின்றன என்பது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் ஆய்வு நெறியாளர் முதல் வாசிப்பிலேயே நிறுத்திவிடுவார்.

எந்தப் பரிமாணம்?

1964-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மில்டன் கார்டன் தன்மயமாதலை ஏழு கூறுகளாகப் பிரித்தார். பண்பாடு, அமைப்புகளுக்குள் நுழைவு, திருமணம், அடையாளம் ஆகியவை முதல் நான்கு. தப்பெண்ணம் இல்லாமை, பாகுபாடு இல்லாமை, குடிமை வாழ்வில் மோதல் இல்லாமை ஆகியவை மற்ற மூன்று. ஏழும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. மலாக்காவின் காஜா பெராங்கில் வாழும் செட்டிகள் மலாக்கா சுல்தானியக் காலத்தில் வந்த தென்னிந்திய வணிகர்களின் வழிவந்தவர்கள். வீட்டு மொழி மலாய், வழிபாடு சைவம். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு உட்பட்ட ரியூனியன் தீவின் தமிழ் வழியினரிடம் தீமிதியும் காவடியும் உண்டு. பலருக்குத் தமிழ்க் குடும்பப்பெயரும் கிறித்தவ முதற்பெயரும் சேர்ந்தே இருக்கும். பேச்சு கிரியோலிலும் (பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழி) பிரெஞ்சிலும். ‘இவர்கள் தன்மயமாகிவிட்டார்களா?’ என்ற கேள்விக்கு இந்த இரண்டு இடத்திலும் ஒற்றைப் பதில் இல்லை.

ஆகவே ஒரு பரிமாணத்தை, மிஞ்சினால் இரண்டை எடுங்கள். வீட்டு மொழியும் திருமணமும் நல்ல ஜோடி. இரண்டையும் எண்ணலாம், ஒன்று மற்றதைத் தூண்டுவதையும் பார்க்கலாம். ‘பண்பாட்டுத் தன்மயமாதல் குறியீட்டெண்’ என்று உணவு, உடை, சினிமா, கோயில், மொழி எல்லாவற்றையும் கூட்டி ஒரு மதிப்பெண் ஆக்காதீர்கள். வாரம் ஒருமுறை தோசை சாப்பிடுவதும் பேத்தியோடு தமிழில் பேசுவதும் ஒரே எடையா?

உளவியலாளர் ஜான் பெரி குடியேறியவர்களை ஒன்றிணைதல், தன்மயமாதல், ஒதுங்கி வாழ்தல், ஓரங்கட்டப்படல் என்று நான்காகப் பிரித்தார். இந்த வகைப்பாட்டைப் பயன்படுத்துவோர் விழும் குழி ஒன்று உண்டு. சொந்தப் பண்பாட்டைக் காப்பது ஒரு அளவை, பெரும்பான்மையோடு உறவாடுவது இன்னொரு அளவை. இரண்டிலும் இடைநிலை எண்ணில் (வரிசைப்படுத்தினால் சரிநடுவில் வரும் மதிப்பெண்) வெட்டி, ஆட்களை நான்கு கட்டத்தில் போடுவார்கள். இடைநிலையில் வெட்டினால், எல்லோருமே இரண்டிலும் அதிக மதிப்பெண் வாங்கியிருந்தாலும், பாதிப் பேர் ‘குறைவு’ என்ற பக்கம் போயே தீர வேண்டும். இரண்டு அளவைகளுக்கும் தொடர்பில்லை என்றால் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இரண்டிலும் ‘குறைவு’ ஆகி ‘ஓரங்கட்டப்பட்டோர்’ ஆகிவிடுவார்கள். அது சமூகத்தின் நிலை அல்ல, கத்தி வைத்த இடத்தின் விளைவு. இரண்டு மதிப்பெண்களையும் வெட்டாமல் தொடர் எண்களாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

யாரை எண்ணுவது: வம்சாவளி முறை

கரைந்துபோனவரை அவருடைய அடையாளத்தை வைத்துத் தேட முடியாது. அவருடைய பாட்டியை வைத்துத் தேடலாம். இந்த முறைக்கு வேலை அதிகம். ஆனால் ஓட்டையை நேராக அடைப்பது இதுதான்.

20 முதல் 25 மூத்த தம்பதியரை, அல்லது அவர்களில் இருப்பவரைத் தேர்ந்தெடுங்கள். கோயில், சங்கம் வழியாக வருவோர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மற்றவர்களை முதியோர் நடவடிக்கை மையம், பழைய தோட்ட அல்லது துறைமுகத் தொழிலாளர் பட்டியல், பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் மாலையில் உட்கார்ந்திருப்போர் என்று வெவ்வேறு வாயில்களில் பிடியுங்கள். ஒவ்வொருவரும் எந்த வாயில் வழியாக வந்தார் என்று குறித்து வையுங்கள், பகுப்பாய்வில் தேவைப்படும்.

அவர்களோடு உட்கார்ந்து, உயிரோடு இருக்கும் எல்லா வழித்தோன்றல்களையும் வரைபடமாக்குங்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்கு இரட்டைக் கோடு. ஒவ்வொருவருக்கும் பத்து விவரம்: பிறந்த ஆண்டு, பிறந்த நாடு, குடியேறியவர் என்றால் வந்த வயது, துணையின் தாய்மொழி, பள்ளிப் பயிற்றுமொழி, வீட்டில் அதிகம் பேசும் மொழி, இரண்டாவது மொழி, மதம், தன்னை என்ன இனமாகச் சொல்லிக்கொள்கிறார், இப்போது வசிக்கும் ஊர். ஒரே அமர்வில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதல் நாள் ஒன்றரை மணி நேரம், ஒரு வாரம் கழித்து விடுபட்டவர்களுக்காக அரை மணி நேரம்.

விடுபடுபவர்கள் யார் என்பதுதான் இங்கே எல்லாம். தூர ஊரில் இருப்பவர், மதம் மாறியவர், வெளியில் கல்யாணம் செய்து பேச்சுவார்த்தை அறுந்தவர் ஆகியோர் பட்டியலிலிருந்து மெல்ல நழுவுவார்கள். உங்களுக்கு வேண்டியவர்களும் அவர்கள்தான். ‘எத்தனை பிள்ளைகள்?’ என்று மட்டும் கேட்டால் வரமாட்டார்கள். ‘தீபாவளிக்கு யாரெல்லாம் வரமாட்டாங்க?’, ‘யாராவது ரொம்ப நாளா பேசாம இருக்காங்களா?’, ‘வேற மதத்துல போனவங்க இருக்காங்களா?’ என்று இரண்டாவது அமர்வில் தனித்தனியாகக் கேளுங்கள். பாட்டி தனியாக இருக்கும்போது கேட்டால் இன்னும் நல்லது. மூத்த மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சில பெயர்கள் வெளியே வராது.

பிறகு வழித்தோன்றல்களில் மூன்றில் ஒருவரையாவது குலுக்கல் முறையில் தேர்ந்து நேரடியாகக் கேளுங்கள். தாத்தா பாட்டி சொன்னதற்கும் பேரன் பேத்தி சொல்வதற்கும் இடையே வரும் வித்தியாசம் ஆய்வுக் குறைபாடு அல்ல, அதுவே ஒரு கண்டுபிடிப்பு. ‘எல்லாப் பிள்ளைங்களும் நல்லா தமிழ் பேசும்’ என்ற வாக்கியம் பெரும்பாலும் ‘நான் பேசினால் புரிந்துகொள்ளும்’ என்று பொருள்படும்.

எடை போட மறக்காதீர்கள். ஒருவருடைய தந்தைவழித் தாத்தா பாட்டி, தாய்வழித் தாத்தா பாட்டி ஆகிய இரு தம்பதியரும் உங்கள் வரம்புக்குள் வந்திருக்கக்கூடும் என்றால், அவர் மாதிரியில் சேரும் வாய்ப்பு இரட்டிப்பு. தமிழருக்கும் தமிழருக்கும் பிறந்தவருக்கு அந்த வாய்ப்பு இரண்டு, கலப்பு மணத்தில் பிறந்தவருக்கு ஒன்று. எடை போடாவிட்டால் பழைய சாய்வு பின்கதவு வழியாக உள்ளே வந்துவிடும். ஒவ்வொருவருக்கும், தகுதியுள்ள மூத்த தம்பதியர் எண்ணிக்கையால் ஒன்றை வகுத்து வரும் எண்ணே எடை: இரண்டென்றால் 0.5, ஒன்றென்றால் 1.

இதே சிக்கலைப் பொருளியலாளர்கள் டங்கனும் திரெஹோவும் அமெரிக்க மெக்சிகோ வழியினரிடம் காட்டியிருக்கிறார்கள். மெக்சிகோவில் பிறந்தோரின் பேரப்பிள்ளைகளில் ஒரு பகுதியினர் கணக்கெடுப்பில் தம்மை மெக்சிகோ வழியினர் என்று சொல்வதில்லை. அப்படிச் சொல்லாதவர்களிடம் சராசரிக் கல்வி கூடுதல். அவர்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் சமூகம் முன்னேறவே இல்லை என்ற தோற்றம் வரும்.

அரசுக் கணக்கெடுப்பு எண்களை எப்படிப் படிப்பது

களத்துக்குப் போகும் முன் இருக்கும் எண்களைப் பாருங்கள். ஆனால் ஒவ்வொரு நாடும் வேறு வேறு கேள்வி கேட்கிறது. சிங்கப்பூர் கேட்பது ‘வீட்டில் அதிகம் பேசும் மொழி’. அங்கே ஐந்தும் அதற்கு மேலும் வயதுள்ள இந்தியர்களில் ஆங்கிலம் என்றவர்கள் 2010-இல் 41.6%, 2020-இல் 59.2%. மொத்தக் குடியிருப்பாளர்களில் தமிழ் என்றவர்கள் அதே பத்தாண்டில் குறைந்து, 2020-இல் 2.5% ஆனார்கள். இதைப் பார்த்ததும் ‘தமிழ் அழிகிறது’ என்று எழுதத் தோன்றும். நிறுத்துங்கள். ‘இந்தியர்’ என்ற பகுதியில் மலையாளி, பஞ்சாபி, சிந்தி, வடநாட்டிலிருந்து அண்மையில் வந்தவர் எல்லோரும் அடக்கம். தமிழருக்கு மட்டுமான பகுதி எண்ணைத் தனியே எடுக்க வேண்டும். மேலும், வீட்டில் ஆங்கிலம் அதிகம் பேசுவதாகச் சொன்ன சிங்கப்பூரர்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டோர் இரண்டாவதாக ஒரு தாய்மொழியும் பேசுகிறார்கள். முதல் மொழியை மட்டும் பார்த்தால் அவர்கள் மறைந்துபோவார்கள்.

கனடா தாய்மொழியையும் வீட்டு மொழியையும் தனித்தனியே கேட்கிறது. அதனால் தக்கவைப்பு விகிதம் கணக்கிட முடியும்: வீட்டில் தமிழ் பேசுவோரைத் தாய்மொழி தமிழ் என்போரால் வகுப்பது. ஆனால் கனடாவின் வரையறைப்படி தாய்மொழி என்பது சிறுவயதில் முதலில் கற்று, இன்னும் புரிகிற மொழி. மறந்தவர் வகுக்கும் எண்ணிலிருந்தே போய்விடுகிறார். மறுபடியும் கோயில் வாசல்தான். அமெரிக்கா ‘வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறீர்களா?’ என்கிறது; இங்கிலாந்தும் வேல்ஸும் 2011 முதல் ‘முதன்மை மொழி’ என்கின்றன. இந்த எண்களை ஒரே அட்டவணையில் வரிசையாக அடுக்கி நாடுகளை ஒப்பிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

அடுத்த பொறி கலவை விளைவு. ஒரு கற்பனைக் கணக்கு: முதல் ஆண்டில் 1,000 தமிழரில் 500 பேர் குடியேறியவர்கள், 500 பேர் அங்கேயே பிறந்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவது முதல் பிரிவில் 90%, இரண்டாவதில் 35%. மொத்தம் 62.5%. பத்தாண்டு கழித்து இரண்டு பிரிவிலும் குறைந்து 88%, 30% ஆகிறது. ஆனால் புதிதாக ஐடி வேலைக்கு வந்தவர்களால் 1,000 பேரில் 700 பேர் குடியேறியவர்கள். மொத்தம்: 616 உடன் 90, அதாவது 70.6%. இரு பிரிவிலும் தமிழ் குறைந்திருக்க, மொத்த எண் எட்டுப் புள்ளி ஏறிவிட்டது. 1990-களுக்குப் பின் புதுக் குடியேற்றம் பெருகிய எந்த ஊரிலும் இது நடக்கலாம். தலைமுறை வாரியாகப் பிரிக்காத எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

தலைமுறையை எண்ணும் விதமும் முக்கியம். 6 முதல் 12 வயதுக்குள் வந்தவரை ஒன்றரைத் தலைமுறை என்று சமூகவியலாளர் ரூபன் ரம்பாட் தனியே பிரித்தார். 5 வயதுக்குள் வந்தவர் மொழியளவில் அங்கே பிறந்தவரை நெருங்குகிறார், 13-க்கு மேல் வந்தவர் பெற்றோரை நெருங்குகிறார். ‘இரண்டாம் தலைமுறை’ என்று எல்லோரையும் ஒரே கூடையில் போட்டால் வளைகோடு மழுங்கிவிடும்.

வினாத்தாள்: பொதுக் கேள்வி வேண்டாம், நேற்றைய கேள்வி வேண்டும்

‘வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?’ என்ற கேள்விக்கு மக்கள் தாம் பேசுவதைச் சொல்வதில்லை, பேசியிருக்க வேண்டியதைச் சொல்கிறார்கள். தமிழ் ஆய்வாளர் நெற்றியில் திருநீறோடு வந்து தமிழில் கேட்டால் இன்னும் கூடும். இதற்கு மாற்று, கடைசி நிகழ்வைக் கேட்பது: ‘நேற்று ராத்திரி சாப்பிடும்போது பிள்ளைகிட்ட கடைசியா என்ன சொன்னீங்க? எந்த மொழியில?’ ‘கடைசியா அம்மாவுக்கு அனுப்பின வாட்ஸ்அப் செய்தி எந்த எழுத்துல இருந்தது?’ செய்தியைக் காட்டச் சொல்லாதீர்கள். அவரே பார்த்துச் சொன்னால் போதும்.

யாரோடு எந்த மொழி என்ற கட்டம் மொழிச் சமூகவியலாளர் ஜோஷுவா ஃபிஷ்மன் காலத்திலிருந்து வழக்கத்தில் உள்ளது. வரிசையில் ஆட்கள்: தாத்தா பாட்டி, அப்பா, அம்மா, துணை, உடன்பிறந்தோர், மூத்த பிள்ளை, கடைசிப் பிள்ளை, பக்கத்து வீடு, கடைக்காரர். நெடுக்கில் ‘நீங்கள் அவரிடம்’, ‘அவர் உங்களிடம்’ என்று இரண்டு தனிப் பத்திகள். இந்த இரண்டாவது பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அம்மா தமிழில் கேட்க, மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதுதான் மொழி கைமாறாமல் நிற்கும் இடம். ஒரே பத்தியில் அது ‘இரண்டும்’ என்று பதிவாகிக் காணாமல் போகும். மூத்த பிள்ளையையும் கடைசிப் பிள்ளையையும் பிரித்துக் கேட்பதற்கும் காரணம் உண்டு. மூத்தது பள்ளி மொழியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறது, கடைசியானது அதிலேயே வளர்கிறது. ஆட்களோடு முடித்துவிடாமல் கூட்டல் கணக்கு, சாமி கும்பிடுவது, கோபத்தில் வரும் வார்த்தை, நாய்க்குட்டியோடு பேசுவது ஆகியவற்றையும் சேருங்கள்.

‘தமிழ் தெரியுமா?’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள். நம் மொழியில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் எட்ட நிற்கின்றன. சரளமாகப் பேசும் இளைஞர் ‘எனக்குத் தமிழ் வராது’ என்பார். அவர் மனத்தில் இருப்பது பள்ளிக் கட்டுரையும் செய்தி வாசிப்பும். கேட்டால் புரிதல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் செயலைச் சொல்லிக் கேளுங்கள்: ‘பாட்டி கதை சொன்னால் முழுசா புரியுமா?’, ‘பஸ் நிறுத்தத்துல இருக்கிற தமிழ் அறிவிப்பைப் படிப்பீங்களா?’

படம் காட்டிப் பெயர் கேட்கும் சோதனை வைப்பதானால் 30 படம் போதும். அம்மிக்கல், உரல், கலப்பை வேண்டாம். பதினைந்தாவது மாடியில் வளர்ந்த பிள்ளைக்கு அம்மிக்கல் தெரியாதது மொழிச் செய்தி அல்ல. வாளி, துடைப்பம், தலையணை, முழங்கை, எறும்பு போன்றவை சரி. ‘பஸ்’ என்ற பதிலை ஏற்பதா என்று முன்கூட்டியே முடிவெடுத்து எழுதி வையுங்கள். தமிழ்நாட்டிலேயே எல்லோரும் பஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

எத்தனை பேர்?

ஒரு விகிதத்தை 95% நம்பிக்கையில் கூடக் குறைய 5 புள்ளிக்குள் சொல்ல எளிய குலுக்கல் மாதிரியில் 385 பேர் வேண்டும். இந்த எண்ணை எல்லோரும் எழுதுகிறார்கள். ஒரு வீட்டில் மூன்று பேரைக் கேட்டால் மூன்று பேர் ஆகிவிடுவதில்லை என்பதைப் பலர் மறக்கிறார்கள். ஒரே வீட்டார் ஒரே மாதிரிதான் பதில் சொல்வார்கள். வீட்டுக்குள்ளான ஒத்துமை (எல்லோரும் ஒரே பதில் என்றால் 1) 0.5 என்று கொண்டால், மாதிரி அளவைப் பெருக்கும் காரணி 1 உடன் (3−1)×0.5 சேர்ந்து 2. அப்படியானால் 385 அல்ல, 770. குடும்ப ஆய்வில் இந்த ஒத்துமை 0.5-ஐத் தாண்டினாலும் வியப்பில்லை. வம்சாவளி முறையில் ஒரு தம்பதியின் வழிவந்தோர் எல்லோரும் ஒரே கொத்து. பகுப்பாய்வு மென்பொருளில் கொத்து எண்ணாக அந்தத் தம்பதியின் எண்ணைக் கொடுங்கள். 25 கொத்துக்குக் குறைவான ஆய்விலிருந்து நாட்டளவு விகிதம் சொல்லாமல், தலைமுறைக்குத் தலைமுறை என்ன மாறியது என்பதோடு நின்றுகொள்வது நேர்மை.

பேச்சுப் பதிவு

வாய்ச்சொல்லைச் சரிபார்க்க, குடும்பத்தின் அனுமதியோடு சாப்பாட்டு நேரப் பேச்சு 30 நிமிடம் பதியுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் மைக்கை நினைத்தே பேசுவார்கள். நடுவில் உள்ள பத்து நிமிடத்தை எழுத்தாக்குங்கள். மொழி கலந்த பேச்சில் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தொலைக்காட்சி ஓடினால் இன்னும் கூடும்.

எண்ணும் அலகு சொல்லா, பேச்சு முறையா என்று முதலிலேயே தீர்மானியுங்கள். ‘அந்த ஃபைலை சப்மிட் பண்ணிட்டியா?’ என்பதில் சொல்வாரியாக எண்ணினால் ஆங்கிலம் பாதி. வினை முடிவை வைத்துப் பார்த்தால் முழு வாக்கியமும் தமிழ். எது வாக்கியத்துக்குச் சட்டம் போடுகிறது என்று பார்ப்பதே மொழிப் பெயர்வு ஆய்வுக்குப் பொருத்தம். மலேசியா, சிங்கப்பூரில் ‘பாசார்’, ‘தாப்பாவ்’ போன்ற மலாய், சீனச் சொற்கள் அந்த ஊர்த் தமிழின் பகுதியே. அவற்றைத் தன்மயமாதலின் அடையாளம் என்று சென்னையிலிருந்து பார்த்து முத்திரை குத்த வேண்டாம்.

குறியிடும் வேலையை இருவர் தனித்தனியே செய்து ஒப்பிடுங்கள். ஒத்துப்போன சதவீதத்தை மட்டும் சொன்னால் ஏமாற்றும். நூறு வாக்கியத்தில் 70-ஐ இருவரும் ‘தமிழ்’ என்றும், 15-ஐ இருவரும் ‘இல்லை’ என்றும் குறித்தால் ஒப்புமை 85%. ஆனால் ஒருவர் மொத்தம் 80-ஐயும் மற்றவர் 75-ஐயும் ‘தமிழ்’ என்றிருந்தால், தற்செயலாகவே 65% ஒத்துப்போயிருக்கும். தற்செயல் ஒப்புமையைக் கழித்துச் சொல்லும் அளவான கோஹனின் கப்பா: 0.85-இல் 0.65 போக 0.20, அதை 0.35-ஆல் வகுத்தால் 0.57. சுமார்தான். குறியீட்டு விதியை இறுக்கி மறுபடி செய்யுங்கள்.

திருமணமும் குடியிருப்பும்

கலப்பு மண விகிதத்தை அப்படியே ஒப்பிடக் கூடாது. மணச்சந்தையில் 2% மட்டுமே உள்ள குழு, யாரும் இனம் பார்க்காவிட்டால், 98% வெளியில்தான் மணக்கும். ஆகவே அங்கே 30% கலப்பு மணம் என்பது கரைவின் அடையாளம் அல்ல, மிக இறுக்கமான உள்மணத்தின் அடையாளம். எதிர்பார்ப்போடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். பதிவேட்டையும் கவனியுங்கள். சிங்கப்பூரில் ‘இந்தியர்’ என்ற பகுப்புக்குள் தமிழர் மலையாளியை மணந்தால் கலப்பாகவே தெரியாது. முஸ்லிம் திருமணங்கள் தனிச் சட்டத்தில் தனியே பதிவாகின்றன. தமிழ் முஸ்லிம் மலாய்க்காரரை மணந்ததைக் காண அந்தப் பதிவேட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குடியிருப்புப் பிரிவை அளக்கும் வேற்றுமைக் குறியெண் எளிது. ஒவ்வொரு வட்டாரத்திலும் தமிழரில் எத்தனை பங்கு, மற்றவர்களில் எத்தனை பங்கு என்று கண்டு, வித்தியாசங்களைக் குறி பார்க்காமல் கூட்டி, இரண்டால் வகுக்கவும். 600 தமிழர் மூன்று வட்டாரத்தில் 300, 200, 100 என்றும், 6,000 மற்றவர்கள் 1,000, 2,000, 3,000 என்றும் இருந்தால் விடை 0.33. தமிழரில் மூன்றில் ஒருவர் இடம் மாறினால் பரவல் சமமாகும் என்று பொருள். வட்டாரம் சிறிதானால் எண் தானாகவே உயரும். சிங்கப்பூருக்கு இதைப் போடவே வேண்டாம். 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் இன வரம்பு உண்டு. நீங்கள் அளப்பது மக்களின் விருப்பத்தை அல்ல, வரம்பை.

பழைய ஆவணங்கள்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர் வந்தனர். கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் இருக்கும். பெயரை எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். முனுசாமி நாலைந்து எழுத்துக்கூட்டலில் வருவார். எழுத்து ஒத்துப்போவதை விட்டு, மெய்யொலிகளை மட்டும் வைத்துத் தேடி, ஊர், தந்தை பெயரால் உறுதி செய்யுங்கள். இன்றைய குடும்பப்பெயரிலிருந்து பின்னோக்கிப் போவது ஆபத்து. கோவெண்டர் என்பது கவுண்டரும் மூட்லி என்பது முதலியாரும் மருவியவைதான். ஆனால் நாயுடு, ரெட்டி பெயர் கொண்டவர்களில் பலர் தெலுங்கர். பட்டப்பெயர் அங்கே குடும்பப்பெயராக நிலைத்தது. அதை வைத்து இன்றைய ஒருவரின் சாதியையோ தாய்மொழியையோ ஊகித்து அட்டவணை போடக் கூடாது.

பள்ளி ஆவணங்களை, குறிப்பாகக் கட்டாய உறைவிடப் பள்ளிகளின் ஆவணங்களைப் படிக்கும்போது, அவை ‘ஆக்கல்’ செய்தவர் எழுதியவை என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் நினைவில் வையுங்கள். ‘நல்ல முன்னேற்றம்’ என்ற குறிப்பு பிள்ளை தாய்மொழியைப் பேசுவதை நிறுத்திவிட்டது என்பதாக இருக்கலாம். ஓடிப்போனவர், திருப்பி அனுப்பப்பட்டவர், இறந்தவர் பட்டியல்களை முன்னேற்ற அறிக்கையோடு பெயருக்குப் பெயர் பொருத்திப் பாருங்கள். கார்லைல் பள்ளியின் மாணவர் கோப்புகளை டிக்கின்சன் கல்லூரி இணையத்தில் வைத்திருக்கிறது. பழகிப் பார்க்க நல்ல இடம்.

ஒப்புதலும் பெயர் மறைப்பும்

ஒப்புதல் படிவம் இரண்டு மொழியில் இருக்கட்டும். எதை எடுத்துப் படித்தார் என்பதையும் குறியுங்கள். பிள்ளைகளிடம் கேட்கும் முன் பெற்றோர் ஒப்புதல், பிறகு பிள்ளையின் சம்மதம், இரண்டும் தேவை. அகதியாக வந்த குடும்பத்தில் குடியுரிமை நிலை, வந்த வழி, இயக்கத் தொடர்பு பற்றிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னாலும் எழுதாதீர்கள். வம்சாவளி முறையில் கூடுதல் சிக்கல்: பாட்டி சொன்னதால் பேரனுடைய மதமும் மணமும் அவர் அறியாமலே உங்கள் கோப்பில் இருக்கின்றன. வரைபடத்தில் பெயருக்குப் பதில் முதல் நாளிலிருந்தே எண் போடுங்கள். பெயரும் எண்ணும் சேர்ந்த ஒரே தாளைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.

சிறு சமூகத்தில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ‘54 வயதுப் பல் மருத்துவர், சீனப் பெண்ணை மணந்தவர்’ என்று எழுதினால் ஊரே கண்டுபிடித்துவிடும். தொழிலைப் பொதுவாக்குங்கள், வயதைப் பத்தாண்டு வரம்பாக்குங்கள். ஒரு குடும்பத்தின் முழு மரத்தையும் ஆய்வேட்டில் அச்சிடாதீர்கள். மரத்தின் வடிவமே கைரேகை போல. வரைவை அச்சுக்குக் கொடுக்கும் முன், அந்த ஊரில் வளர்ந்த ஒருவரிடம் கொடுத்து, யாரையாவது அடையாளம் தெரிகிறதா என்று கேளுங்கள். தெரிகிறது என்றால், அந்தப் பத்தியை எடுத்துவிட்டு மறுபடி கொடுங்கள்.